கேலரியில் உட்கார்ந்த மேனேஜர்கள்

1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து நாளிதழ் ஒன்றில் ஒரு வாக்குச்சீட்டு அச்சாகி வந்தது. தேர்தல் எதுவும் இல்லை. உள்ளூர் பேஸ்பால் அணியான பிரவுன்ஸ், தன் ரசிகர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தது: 24ஆம் தேதி ஆட்டத்தில் யார் யாரை இறக்கலாம்? கேட்சர் யார், முதல் பேஸில் யார் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர்களுக்கு அன்று மைதானத்தில் தனி இடம். ஆட்டம் நடக்கும்போது எடுக்க வேண்டிய முடிவுகளையும் அவர்களே எடுக்கலாம்.

அப்போது பிரவுன்ஸ் அமெரிக்கன் லீக்கின் எட்டு அணிகளில் எட்டாவது இடத்தில் கிடந்தது. தோற்கும் அணியின் ரசிகன் உலகம் முழுக்கச் சொல்வது ஒன்றுதான்: “என்னிடம் விட்டிருந்தால் இவனை உட்கார வைத்துவிட்டு அவனை இறக்கியிருப்பேன்.” அந்த வாயை அடைக்காமல் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்த அணி இது. ஆனால் அந்த இரவின் கதையை மட்டும் சொன்னால் பாதிக்கதைதான் ஆகும். செயின்ட் லூயிஸ் ரசிகனின் மனக்குறை முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்தது. அதில் ஆடும் ஒன்பது பேரின் பட்டியல் சிறு பகுதி. பெரும்பகுதி, அணியின் அலுவலகத்தில் எடுத்த முடிவுகளால் வந்தது.

பிரவுன்ஸ் 1902இல் செயின்ட் லூயிஸுக்கு வந்தது. தொடக்கத்தில் அது ஏழை அணியும் அல்ல, இளைத்த அணியும் அல்ல. பிற்காலத்தில் பேஸ்பால் நிர்வாகத்தின் பெரிய மூளை என்று பெயரெடுத்த பிராஞ்ச் ரிக்கி அங்கேதான் மேனேஜராக இருந்தார். (பேஸ்பாலில் மேனேஜர் என்றால் களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர்.) ஜார்ஜ் சிஸ்லர் என்ற இளைஞனைக் கல்லூரியிலிருந்து பிரவுன்ஸுக்குக் கொண்டுவந்தவரும் ரிக்கிதான். 1920இல் சிஸ்லர் ஒரே சீசனில் 257 ஹிட் அடித்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2004இல் ஜப்பானின் இச்சிரோ வர வேண்டியிருந்தது. 1922இல் சிஸ்லரின் சராசரி .420. அந்த ஆண்டு பிரவுன்ஸ் 93 ஆட்டங்களில் வென்று, 94 வென்ற நியூயார்க் யாங்கீஸிடம் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் லீக் பட்டத்தை இழந்தது. அந்த சீசனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மைதானத்துக்கு வந்தார்கள். அப்போது செயின்ட் லூயிஸின் செல்லப்பிள்ளை பிரவுன்ஸ்தான்.

அதற்குள்ளாகவே இரண்டு தவறுகள் நடந்து முடிந்திருந்தன. 1916இல் அணியை வாங்கிய ஃபில் பாலுக்கும் ரிக்கிக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டே ரிக்கி அதே ஊரின் இன்னோர் அணியான கார்டினல்ஸுக்குப் போய்விட்டார். கார்டினல்ஸ் அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1920இல் அந்த அணியைத் தன் சொந்த மைதானமான ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க்கில் வாடகைக்கு ஆட பால் அனுமதித்தார். இதனால் கார்டினல்ஸ் தன் பழைய மைதானத்தின் நிலத்தை விற்க முடிந்தது. கையில் வந்த பணத்தை ரிக்கி சிறு ஊர்களின் அணிகளில் போட்டார். இளம் ஆட்டக்காரர்களை அங்கே வளர்த்துத் தலைமை அணிக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டை அவர் கட்டியெழுப்பினார். பிற்பாடு எல்லா அணிகளும் பின்பற்றிய அந்த முறைக்கு முதல் போட்டவர், ஒருவகையில், பிரவுன்ஸின் முதலாளியேதான்.

1926க்குள் தன் மைதானத்தில் உலகப் பட்டத்துக்கான வேர்ல்ட் சீரிஸ் நடக்கும் என்று பால் நம்பினார். அதற்காகவே கேலரிகளை விரிவாக்கி, முப்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும்படி செய்தார். அவர் சொன்னபடியே 1926இல் அங்கே வேர்ல்ட் சீரிஸ் நடந்தது. ஆடி வென்றது கார்டினல்ஸ். அடுத்த ஆண்டின் இறுதியில் சிஸ்லரை 25,000 டாலருக்கு வாஷிங்டன் அணிக்கு விற்றார்கள். அந்த ஊரின் இரண்டு அணிகளில் யாருக்கு மனத்தைக் கொடுப்பது என்ற கேள்விக்கு அத்துடன் விடை கிடைத்துவிட்டது. 1920 முதல் 1953 வரை, வாடகைக்கு வந்த கார்டினல்ஸ் ஆறு முறை உலகப் பட்டம் வென்றது. மைதானத்தின் சொந்தக்கார அணி ஒரு முறைகூட வெல்லவில்லை.

செயின்ட் லூயிஸ் காலணித் தொழிலுக்கும் பீருக்கும் பெயர்போன ஊர். இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம், அமெரிக்கன் லீக்கில் மட்டும் கடைசி இடம் என்று ஊரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது. சலித்துப்போன ரசிகன் கூச்சல் போடவில்லை, வராமல் இருந்துவிட்டான். 1935ஆம் ஆண்டின் மொத்த சீசனுக்கும் பிரவுன்ஸ் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 80,922 பேர். அந்த மைதானத்தை மூன்று முறை நிரப்பக்கூட அது போதாது. 1939இல் அணி 43 ஆட்டங்களில் வென்று 111இல் தோற்றது. 1941 டிசம்பரில் உரிமையாளர் டொனால்ட் பார்ன்ஸ் அணியை லாஸ் ஏஞ்சலஸுக்கே கொண்டுபோய்விடத் திட்டமிட்டார். லீக் கூட்டம் டிசம்பர் 8 என்று குறித்திருந்தது. முந்தின நாள் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

போர்க்காலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் ராணுவத்துக்குப் போனபோது பிரவுன்ஸுக்கு விடிவு வந்தது. மருத்துவக் காரணங்களால் படையில் சேர முடியாத பலர் அதன் அணியில் இருந்தார்கள். 1944 அக்டோபர் 1, சீசனின் கடைசி நாளில், யாங்கீஸை வீழ்த்தி அது லீக் பட்டம் பெற்றது. 52 ஆண்டு வரலாற்றில் அது ஒன்றுதான். வேர்ல்ட் சீரிஸில் எதிரே நின்றதும் கார்டினல்ஸ்தான். ஆறு ஆட்டங்களும் அதே மைதானத்தில். வீட்டுப் பஞ்சம் நிலவிய அந்நாட்களில் இரு அணி மேனேஜர்களும் ஒரே அடுக்குமாடி வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஓர் அணி ஊரில் இருக்கும்போது மற்றது வெளியூரில் இருக்கும் என்பதால் சீசன் முழுக்க அது சரிப்பட்டு வந்தது. கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்க வேண்டி வந்தபோது ஒருவர் வேறு வீடு பார்க்க நேர்ந்தது. கார்டினல்ஸ் 4–2 என்று வென்றது.

ரசிகர்களின் பொறுமையை உண்மையில் சோதித்த ஆண்டு 1947. அந்த ஜூலையில் பிரவுன்ஸ் நிர்வாகம் ஹாங்க் தாம்ப்சன், வில்லர்ட் பிரவுன் என்ற இரு கறுப்பின வீரர்களை அணியில் சேர்த்தது. மூன்றாண்டுகளுக்கு முன்புவரை கறுப்பின ரசிகர்களை வலப்பக்கக் கொட்டகையில் மட்டும் உட்காரவைத்த மைதானம் அது. ஆகஸ்டில் வில்லர்ட் பிரவுன் ஒரு ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீக்கில் ஒரு கறுப்பின வீரர் அடித்த முதல் ஹோம் ரன். அதற்கு அவர் எடுத்துப்போன மட்டை சக வீரர் ஜெஃப் ஹீத்துடையது. திரும்பி வந்ததும் ஹீத் அந்த மட்டையை உடைத்துப் போட்டார். இருவரையும் நிர்வாகம் சுமார் ஒரு மாதத்திலேயே வெளியே அனுப்பிவிட்டது. கடைசி இடத்தில் கிடந்த அணிக்கு இவர்களைவிடத் தகுதியானவர்கள் வேறு யார் கிடைத்துவிட்டார்கள்? தாம்ப்சன் பின்னர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக இரண்டு வேர்ல்ட் சீரிஸ் ஆடினார். வில்லர்ட் பிரவுனுக்கு 2006இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது.

அதே ஆண்டு, அணியின் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்துவந்த டிஸி டீன் ரசிகர்களின் எரிச்சலையெல்லாம் ஒலிவாங்கியிலேயே கொட்டினார். டீன் கார்டினல்ஸின் பழைய நட்சத்திர பிட்சர். இந்த பிட்சர்களில் பெரும்பாலோரைவிட இப்போதும் தன்னால் நன்றாகப் பந்து வீச முடியும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, வந்து வீசட்டும் என்றது நிர்வாகம். செப்டம்பர் 28 அன்று, 37 வயதில், ஆண்டுக்கணக்கில் போட்டிக் களமே காணாத டீன் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ் வீசினார். ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. மட்டை பிடித்து ஒரு ஹிட்டும் அடித்தார். அவர் போன பிறகு வழக்கம்போல் பிரவுன்ஸ் தோற்றது.

வெளியிலிருந்து வந்த விமர்சனம் சரி என்று களத்திலேயே நிரூபணமான பிறகும் நிர்வாகம் பாடம் கற்கவில்லை. அந்த நவம்பரிலேயே அணியின் சிறந்த மட்டையாளர் வெர்ன் ஸ்டீபன்ஸ், பிட்சர்கள் ஜாக் கிரேமர், எல்லிஸ் கிண்டர் ஆகியோரைப் பணத்துக்காகவும் மாற்று வீரர்களுக்காகவும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டீபன்ஸ் 1949இல் பாஸ்டனுக்காக 159 ஓட்டங்களை அடித்துக் கொடுத்து லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1950இல் பிரவுன்ஸ் நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து வேறு: வீரர்களின் தோல்வி மனப்பான்மையைப் போக்க ஒரு ஹிப்னாடிச நிபுணரை வேலைக்கு வைத்தது. சில மாதங்களில் அவரும் போனார், தோல்வி போகவில்லை.

இந்த நிலையில்தான் 1951 ஜூலையில் பில் வீக் அணியை வாங்கினார். ரசிகன் பேச்சைக் கேட்டுப் பலன் கண்ட மனிதர் அவர். கிளீவ்லாந்து இந்தியன்ஸின் உரிமையாளராக இருந்த 1947இல், அங்கே ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் இருந்த லூ பூட்ரோவை விட்டுவிட நினைத்தார். பேச்சு நடந்தது பிரவுன்ஸுடன்தான். பதிலுக்குக் கேட்டது ஸ்டீபன்ஸை. செய்தி கசிந்ததும் கிளீவ்லாந்து கொதித்தது. செய்தித்தாள் வாக்கெடுப்பு நடத்தியது, மக்கள் பூட்ரோ பக்கம் நின்றார்கள். வீக் தெருத்தெருவாகவும் மதுக்கடை மதுக்கடையாகவும் போய், பூட்ரோ இங்கேதான் இருப்பார் என்று ரசிகர்களிடம் நேரில் உறுதி சொன்னார். மறு ஆண்டு பூட்ரோ லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார், கிளீவ்லாந்து உலகப் பட்டம் வென்றது. அந்த வெற்றியில், அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரராக வீக் கொண்டுவந்த லாரி டோபிக்கும் பெரும் பங்கு. பிரவுன்ஸ் ஒரு மாதத்தில் கைவிட்டதைப் போல அவர் டோபியைக் கைவிடவில்லை.

செயின்ட் லூயிஸில் வீக் முதலில் செய்தது பலருக்கும் நினைவிருக்கும் வேடிக்கை. ஆகஸ்ட் 19 அன்று, 3 அடி 7 அங்குல உயரமே இருந்த எடி கேடலை, முதுகில் 1/8 என்ற எண்ணோடு மட்டை பிடிக்க அனுப்பினார். நான்கு பந்தும் உயரே போக, விதிப்படி கேடல் முதல் பேஸுக்கு நடந்தார். லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் கோபத்தில் அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தார். ஐந்து நாள் கழித்து நடந்த வாக்குச்சீட்டு ஆட்டத்தையும் பலர் இன்னொரு கூத்து என்றே எண்ணினார்கள். ஆனால் இது வேறு. கேடல் விஷயத்தில் ரசிகன் பார்வையாளன். இங்கே அவனுக்குப் பொறுப்பு இருந்தது.

எதிரணி பிலடெல்பியா அத்லெடிக்ஸ். அந்த அணியின் நிர்வாகி இது விளையாட்டைக் கேலிக்கூத்தாக்குகிறது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் அதே அத்லெடிக்ஸை நடத்திவிட்டு முந்திய ஆண்டுதான் ஓய்வுபெற்றிருந்த முதியவர் கானி மேக், கேலரியில் ரசிகர்களோடு உட்கார்ந்து தானும் அட்டையைத் தூக்கிக் காட்டினார். வாக்களித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல் திரண்டு பிரவுன்ஸ் டக்-அவுட்டின் பின்னால் அமர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை: ஒரு பக்கம் பச்சையில் “ஆம்”, மறு பக்கம் சிவப்பில் “இல்லை”. அன்றைக்கு மட்டும் வேலை பறிபோன மேனேஜர் ஸாக் டெய்லர் சாதாரண உடையில், காலில் செருப்போடும் வாயில் சுங்கானோடும் டக்-அவுட் அருகே ஆடும் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மொத்தக் கூட்டம் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

வாக்குச்சீட்டு செய்த மாற்றங்கள் இரண்டு. வழக்கமாக இறங்கிவந்த மேட் பேட்ஸுக்குப் பதில் ஷெர்ம் லாலர் கேட்சரானார், பென் டெய்லருக்குப் பதில் ஹாங்க் ஆர்ஃப்ட் முதல் பேஸுக்கு வந்தார். பந்துவீச நெட் கார்வர்.

முதல் இன்னிங்ஸே சோதனையாக அமைந்தது. கார்வரை அத்லெடிக்ஸ் அடித்து நொறுக்கி மூன்று ஓட்டம் எடுத்தது. ஒருவர்தான் அவுட். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். இப்போது ஊழியர்கள் கேள்வி எழுதிய பலகையைத் தூக்கினார்கள்: வேறு பிட்சரைத் தயார்செய்யலாமா? கேலரி முழுக்கச் சிவப்பு. கார்வர் இருக்கட்டும். அடுத்த கேள்வி, உட்களத்தார் முன்னே வந்து நிற்பதா, பின்னே நிற்பதா என்பது. முன்னே வந்தால் மூன்றாம் பேஸ் ஆளை ஓட்டமெடுக்காமல் மடக்கலாம், ஆனால் பந்து பக்கவாட்டில் கடந்துபோகும் ஆபத்து உண்டு. பின்னே நின்றால் ஒரே அடியில் இருவரை வெளியேற்ற வாய்ப்பு உண்டு, தவறினால் நான்காவது ஓட்டம் போகும். பின்னே நிற்கட்டும் என்றது கேலரி. அடுத்து வந்த பீட் சூடர் தரையோடு அடித்தார். இருவர் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது.

அதன் பிறகு கார்வர் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. ரசிகர்கள் தேர்ந்தெடுத்த லாலரும் ஆர்ஃப்டும் பிரவுன்ஸின் ஓட்டங்களுக்குப் பங்களித்தார்கள். முடிவு 5–3, வெற்றி பிரவுன்ஸுக்கு.

ஒரே ஆட்டத்தை வைத்து ரசிகர்கள்தான் மேதைகள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சொன்னதில் கண்மூடித்தனம் ஏதுமில்லை என்பதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். மூன்று ஓட்டம் கொடுத்த பிட்சரை உடனே மாற்று என்று கத்துவதுதான் கேலரியின் இயல்பு என்பார்கள். செயின்ட் லூயிஸ் கேலரி அப்படிச் செய்யவில்லை. 102 ஆட்டங்களில் தோற்ற அந்த அணியில், அந்த ஆண்டு தனியாக 20 ஆட்டங்களை வென்றுகொடுத்தவர் கார்வர். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் யாங்கீஸின் யோகி பெர்ராவுக்கு அடுத்த இடம் அவருக்குத்தான். யாரை நம்பலாம் என்பது காசு கொடுத்து உள்ளே வந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆட்டத்தோடு வாக்கெடுப்பு முடிந்தது. முடிவெடுக்கும் உரிமை அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, நவம்பரில், பிரவுன்ஸ் லாலரை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கே அவர் லீக்கின் தலைசிறந்த கேட்சர்களில் ஒருவராக வளர்ந்தார். 1959இல் ஒயிட் சாக்ஸ் நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக லீக் பட்டம் வென்றபோது கேட்சர் அவர்தான். அந்த அணியின் உரிமையாளர் அப்போது யார் தெரியுமா? அதே பில் வீக். கார்வரையும் 1952 ஆகஸ்டில் டெட்ராய்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீரர்களை அடக்கி ஆள்வதற்குப் பேர்போன ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பியை மேனேஜராக்கி, சீசன் பாதியை எட்டுமுன் ஜூனிலேயே நீக்கினார்கள். ரசிகன் பேச்சைக் கேட்கத் தெரிந்த வீக்கும், பெரிய முடிவுகளில் அவனைக் கேட்கவில்லை.

வீக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1952இல் அணியின் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். கார்டினல்ஸை ஊரைவிட்டே துரத்திவிடலாம் என்றுகூட அவர் நம்பினார். 1953 பிப்ரவரியில் பீர் நிறுவன அதிபர் கஸ்ஸி புஷ் கார்டினல்ஸை வாங்கியதும் அந்த நம்பிக்கை முடிந்தது. அந்தப் பணத்தோடு மோத வீக்கிடம் வழியில்லை. மைதானத்தையே புஷ்ஷிடம் 8 லட்சம் டாலருக்கு விற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கு இருந்தவர் சொந்தக்காரரானார், சொந்தக்காரர் வாடகைக்காரரானார். அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோக வீக் கேட்டபோது மற்ற உரிமையாளர்கள் மறுத்தார்கள். ஆனால் அணி போகப்போகிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரசிகர்கள் வீக்கின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். போகப்போகிற அணியை யார் பார்க்க வருவார்கள்? கூட்டம் மறுபடி மூன்று லட்சத்துக்குக் கீழே சரிந்தது.

1953 செப்டம்பர் 27, கடைசி ஆட்டம். 3,174 பேர் வந்திருந்தார்கள். ஒயிட் சாக்ஸுக்கு எதிராக ஆட்டம் 11 இன்னிங்ஸ் நீண்டது. புதுப் பந்துகள் தீர்ந்துபோய், அடிபட்ட பழைய பந்துகளைக் கொண்டே ஆடி முடித்தார்கள். 2–1 என்ற கணக்கில் பிரவுன்ஸ் அந்த சீசனின் நூறாவது தோல்வியைச் சந்தித்தது. அடுத்த இரண்டே நாளில், வீக் தன் பங்கை விற்று ஒதுங்கியதும், பால்டிமோர் மாற்றத்துக்கு மற்ற உரிமையாளர்கள் ஒப்புதல் தந்தார்கள். ஓரியோல்ஸ் என்ற புதுப்பெயரில் அதே அணி 1966இல் உலகப் பட்டம் வென்றது. 1970இலும் 1983இலும் மறுபடி வென்றது.

அணி தோற்கும்போது ரசிகன் லைன்-அப்பைத் திட்டுகிறான், ஏனென்றால் அவன் கண்ணுக்குத் தெரிவது அதுதான். பிரவுன்ஸின் கதையில் லைன்-அப் நோயின் அறிகுறி மட்டுமே. ரிக்கியை விட்டது, மைதானத்தைப் பங்கு போட்டது, சிஸ்லரையும் ஸ்டீபன்ஸையும் விற்றது, தாம்ப்சனையும் வில்லர்ட் பிரவுனையும் ஒரு மாதத்தில் துரத்தியது: இவைதான் நோய். இவற்றில் எதற்கும் வாக்குச்சீட்டு அச்சாகவில்லை. ரசிகர்களைக் கேட்ட ஒரே நாளில் அவர்கள் பொறுப்போடு பதில் சொன்னார்கள். பால்டிமோரில் ஓரியோல்ஸ் மூன்றாவது பட்டம் வென்றதற்கு மறு ஆண்டு, 1984இல், செயின்ட் லூயிஸில் பிரவுன்ஸ் ரசிகர்கள் ஒன்றுகூடித் தங்கள் அணிக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அணி ஊரைவிட்டுப் போய் அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.